ஒரு நிமிட முதலாளி

இருபத்தாறு வருடமாக நான் ஒரு மெத்தைக் கடையின் முதலாளி. இதை ஊருக்கே தெரியாத ரகசியமாகக் காப்பாற்றி வந்திருக்கிறேன் என்பது போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

அன்று ஒருவர் இரட்டை மெத்தை ஒன்று வாங்கினார். பேரம் பேசியதெல்லாம் என் மனைவியோடு. நான் பின்னறையிலிருந்து மெத்தையைச் சுமந்து வந்து அவர் வண்டியில் ஏற்றினேன். கயிறு கட்டினேன். முடிச்சை இழுத்துப் பார்த்தேன். அவர் என் தோளில் தட்டினார். "நல்லா கட்டியிருக்கேப்பா" என்று சட்டைப் பையில் ஒரு நோட்டைச் செருகினார். பிறகு கடைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தம்மா சம்பளம் ஒழுங்கா தருதா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "ஐயா, இந்தக் கடைக்கு உரிமையாளன் நான்" என்று நெஞ்சை நிமிர்த்தியிருக்க வேண்டும். நான் சொன்னது இது:

"பரவாயில்லைங்க. சாப்பாடும் போடுறாங்க."

வண்டி போன பிறகும் தெருவிலேயே நின்றுகொண்டிருந்தேன். இத்தனை நாள் இதற்கு அடக்கம் என்று பெயர் வைத்திருந்தேன். அடக்கம் என்றால் சத்தம் வராது. வாடிக்கையாளர் யாராவது என்னிடம் நேராகப் பேச வந்தால் என் முழங்கால்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் எனக்கே கேட்கிறது. அது அடக்கமா? பயமா? ஐம்பத்து நான்கு வயதில் ஒருவன் கேட்டுக்கொள்ளக்கூடாத கேள்வி இது.

தெருக்கோடியில் இன்னொரு மெத்தைக் கடை இருக்கிறது. அதன் முதலாளியை நாங்கள் பல்லழகர் என்போம். கடைக் கதவில் அவர் முகம். பையில் அவர் முகம். வண்டிகளின் முதுகில் அவர் முகம். எல்லாவற்றிலும் முப்பத்திரண்டு பல்லும் ஆஜர். மனிதர் வாழ்நாளில் ஒரு தலையணைகூடத் தைத்ததில்லை. எங்கிருந்தோ வாங்கி இங்கே விற்கிறார். ஆனாலும் மெத்தை என்றால் எல்லோருக்கும் அந்தப் பல்தான் நினைவுக்கு வருகிறது.

அன்றைக்குச் சாப்பிடும்போதே அறிவித்துவிட்டேன்.

"இனிமே நான் வெளியில தெரியப் போறேன்."

"எங்க போறீங்க?" என்றாள் மனைவி.

"எங்கயும் போகலை. தெரியப் போறேன். முதலாளியா. எல்லாருக்கும்."

"இப்ப மட்டும் என்ன, மறைஞ்சா இருக்கீங்க? எனக்கு நல்லாத் தெரியுறீங்களே. இடது காதுல பஞ்சு ஒட்டியிருக்கறதுகூடத் தெரியுது."

"உனக்குத் தெரிஞ்சா போதுமா?"

"இத்தனை வருஷமா போதும்னுதானே இருந்தீங்க?"

பஞ்சை எடுத்துவிட்டேன்.

மறுநாளே சோதனை வந்தது. ஒரு கல்லூரி மாணவிகள் விடுதியிலிருந்து போன். நூற்று அறுபது மெத்தை வேண்டுமாம். பேசியவர் விடுதியின் மேலாளர் அம்மாள். "எங்க கமிட்டியில ஆறு பேருங்க. எல்லாரும் கடை கடையா ஏற முடியாது. ரெண்டு கடை பாத்து வெச்சிருக்கோம். உங்களுது ஒண்ணு. முதலாளி யாரு, மெத்தை எப்படின்னு ஒரு நிமிஷத்துக்கு வீடியோ எடுத்து, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடுங்க" என்றார்.

இன்னொரு கடை யாருடையது என்று கேட்கவே வேண்டாம். அவருக்கு ஒரு நிமிடம் எதற்கு? சிரித்தாலே போதும்.

எங்களுக்கு இந்த ஆர்டர் வெறும் ஆர்டர் இல்லை. கடையில் நான்கு பெண்கள் தைக்கிறார்கள். போன வருடம் இதே மந்தமான மாதங்களில் இரண்டு பேரை "கொஞ்ச நாள் வீட்ல இருங்க" என்று அனுப்ப வேண்டியிருந்தது. அதை அவர்களிடம் சொன்னது என் மனைவி. நான் பின்னறையில் இருந்தேன். அன்றைக்கு வெட்ட வேண்டியதே இல்லாத நுரைப் பலகையை வெட்டிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் கை கூசுகிறது.

அதனால் மனைவியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "இந்த வீடியோவுல நான்தான் வருவேன். நான்தான் பேசுவேன். நீ முகத்தைக் காட்டக் கூடாது. குறுக்க ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"சரிங்க" என்றாள்.

எனக்குப் பகீரென்றது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் முதல் வார்த்தையிலேயே சரி என்று சொன்னது மூன்று முறை. மூன்று முறையும் தோற்றது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்பது நாள் பயிற்சி எடுத்தேன். போனில் கோட்டுப் போட்ட ஒருவர் தன்னம்பிக்கை வகுப்பு நடத்துகிறார். "தோளை அகலப்படுத்துங்கள். தாடையை உயர்த்துங்கள். எதிரில் இருப்பவர் உங்களுக்காகவே காத்திருந்தார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார். தாடையை உயர்த்திக்கொண்டு நடந்ததில் பஞ்சு மூட்டைமேல் இரண்டு தடவை விழுந்தேன். பஞ்சு மூட்டை எனக்காகக் காத்திருந்ததாகவே பட்டது.

நான்கு பக்கத்துக்குப் பேச்சு எழுதினேன். குகைமனிதன் ஈரத் தரையில் படுத்ததில் தொடங்கி எங்கள் கடையில் முடிகிற பேச்சு. மனப்பாடம் செய்தேன். விளைவு, தூக்கம் போய்விட்டது. படுத்தால் குகைமனிதன் வருகிறான். அவனை விரட்டினால் பல்லழகர் வருகிறார். மெத்தைக் கடைக்காரனுக்குத் தூக்கம் வரவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? போதாக்குறைக்கு எங்கள் வீட்டில் இருப்பது கல்யாணத்துக்கு வாங்கிய மெத்தை. நடுவில் பள்ளம். இருபத்தாறு வருடமாக ஊருக்கெல்லாம் மெத்தை செய்கிறேன். வீட்டுக்கு ஒன்று எடுத்து வர நேரம் கிடைக்கவில்லை.

"இன்னைக்கும் தூங்கலையா?" என்று காலையில் மனைவி கேட்பாள்.

"இல்லை."

"சரி" என்பாள். ஏதோ கணக்கு வைத்துக்கொள்வது போல விரலை மடக்குவாள். ஒன்பது நாளும் மடக்கினாள். நான் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி. படம் பிடிக்கப் பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரரை மனைவியே கூப்பிட்டிருந்தாள். எனக்கு அண்ணன் மரியாதை கொடுப்பவர். ஆனால் தயங்காமல் பேசுவார். போனைத் தாங்கியில் மாட்டிவிட்டு, "ஆரம்பிங்கண்ணே" என்றார்.

"வணக்கம். நான்..."

நிறுத்திவிட்டேன்.

"நீங்க யாருன்னு நீங்கதாண்ணே சொல்லணும். எனக்குத் தெரியும், கமிட்டிக்குத் தெரியாது."

நான்காவது தடவை தடங்கல் இல்லாமல் பேசினேன். எடுத்ததைப் போட்டுப் பார்த்த ஜெராக்ஸ்காரர் போனை என் பக்கம் திருப்பினார். பிறகு, "அண்ணே, மூக்குத் துவாரம் ரெண்டும் பிரமாதமா வந்திருக்கு. முகம்தான் வரலை. தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்றார்.

ஏழாவது தடவை தாடையை இறக்கியதும் தைரியமும் இறங்கிவிட்டது. ஒன்பதாவது தடவை என் கடைப் பெயருக்குப் பதிலாகப் பல்லழகர் கடைப் பெயரைச் சொன்னேன். எங்கே பார்த்தாலும் அதுதானே எழுதியிருக்கிறது! பதினொன்றாவது தடவை எல்லாம் சரியாக வந்தது. ஆனால் ஒரு நிமிடம் முடிந்தபோது குகைமனிதன் இன்னும் குகையை விட்டே கிளம்பவில்லை.

மனைவி மூலையில் உட்கார்ந்து ஒரு மெத்தைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். வாயே திறக்கவில்லை. அந்த மௌனம் என்னை என்னமோ செய்தது. அவள் திட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும்.

நாலு மணிக்கு, "நான் பேசலாமா?" என்றாள்.

"பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"வீடியோவுலதானே பேசக் கூடாது? இப்ப அது ஓடலையே."

"சரி, சொல்லு."

"நின்னுக்கிட்டுப் பேசினா முழங்கால் ஆடுது. பேன்ட்டே நடுங்குது, பாக்கறவங்க காத்துன்னு நினைச்சுக்கமாட்டாங்க. படுத்துக்கிட்டுப் பேசுங்க. மெத்தை செய்யறவர் மெத்தையில படுத்துப் பேசினா யாரு தப்புன்னு சொல்லப் போறா?"

யோசித்துப் பார்த்தேன். நியாயமாகத்தான் இருந்தது. விடுதிக்கென்று நானே மாதிரிக்குச் செய்த மெத்தை தயாராக இருந்தது. கீழே தென்னைநார், நடுவில் நுரை, மேலே பஞ்சு. மூன்றையும் எந்த அளவில் சேர்ப்பது என்பதுதான் என் வித்தை. படுத்தேன். முழங்கால் நின்றது.

"இப்ப கண்ணை மூடிக்கிட்டு, பேச்சை ஒரு தடவை மனசுக்குள்ள சொல்லிப் பாருங்க. முடிச்சதும் கையைத் தூக்குங்க. தம்பி எடுக்க ஆரம்பிப்பாரு."

கண்ணை மூடினேன். குகைமனிதன் ஈரத் தரையில் படுத்தான் என்பது வரை நினைவிருக்கிறது.

கண்ணைத் திறந்தபோது வெளிச்சம் மாறியிருந்தது. என் தலைக்கடியில் ஒரு தலையணை. மின்விசிறி என் பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. மனைவி அதே மூலையில் அதே ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"மணி என்ன?"

"ஆறே கால்."

துள்ளி எழுந்தேன். "அஞ்சு மணியோட முடிஞ்சிருச்சே! வீடியோ?"

"அனுப்பியாச்சுங்க."

"எதை?"

போனை நீட்டினாள்.

திரையில் நான். வாய் திறந்திருக்கிறது. குறட்டை ஒரே சீராக, இயந்திரம் தைப்பது போல வருகிறது. என் மனைவியின் முகம் தெரியவில்லை, ஆனால் அவள் குரல் மெதுவாகக் கேட்கிறது: "இவர்தாங்க முதலாளி. இந்த மெத்தையை இவரே செஞ்சாரு. மனசு சரியில்லாம ஒன்பது நாளாத் தூங்கலை. இதுல படுத்து நாலு நிமிஷம்தான் ஆச்சு. பாருங்க." உடனே ஜெராக்ஸ்காரர் திரைக்குள் வருகிறார். கையில் எவர்சில்வர் தட்டு. என் காதருகே கரண்டியால் நாலு தட்டு தட்டுகிறார். நான் புரண்டுகூடப் படுக்கவில்லை. வாயை மட்டும் சப்புக்கொட்டுகிறேன். "வேற சொல்ல ஒண்ணுமில்லைங்க" என்கிறது குரல். சரியாக ஒரு நிமிடம்.

"என்னைக் கேக்காம இதை எப்படி அனுப்பின?"

"கேட்டேனே. அதையும் தனியா எடுத்து வெச்சிருக்கேன், பாருங்க."

பார்த்தேன். "அனுப்பவாங்க?" என்று குரல் கேட்கிறது. நான் "ம்" என்கிறேன்.

"அது தூக்கத்துல சொன்னது!"

"முழிச்சிருக்கும்போது என்னைக்கு எனக்குச் சரியா பதில் சொல்லியிருக்கீங்க?"

"பேசக் கூடாதுன்னு சொன்னேன். பேசியிருக்கே."

"பேசலைங்க. நீங்க எழுந்துடக் கூடாதேன்னு கிசுகிசுத்தேன்."

வெளியே போய் ஜெராக்ஸ்காரரைப் பிடித்தேன். "நீயுமா தம்பி?" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். "நான் என்னண்ணே பண்றது? தட்டும் கரண்டியும் எடுத்து வைன்னு அண்ணி புதன்கிழமையே சொல்லிட்டாங்க."

புதன்கிழமையே! அப்படியானால் மடக்கிய விரல்கள்? பதினொரு தடவை நான் பேசி ஓய்கிற வரை காத்திருந்த மௌனம்? நான் தன்னம்பிக்கையை வளர்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் தூக்கத்தை வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

திங்கட்கிழமை போன் வந்தது. ஆர்டர் எங்களுக்கு. கமிட்டியில் ஆறு பேரும் வீடியோவை மூன்று தடவை போட்டுப் பார்த்தார்களாம். பல்லழகரின் வீடியோவைப் பார்த்து ஒருவர், "இவரு எப்பவுமே முழிச்சுக்கிட்டேதான் இருப்பாரு போல" என்றாராம். நான்கு பெண்களையும் கூப்பிட்டு இந்த வருடம் யாரும் வீட்டில் இருக்க வேண்டாம் என்று சொன்னோம். அதை நானே சொன்னேன். முழங்கால் ஆடியது. ஆனாலும் சொல்லி முடித்தேன். அவர்கள் சிரித்தார்கள், ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் மனம் ஓயவில்லை. ஜெயித்தது நானா, என் குறட்டையா? ஆறு பேர் என்னைப் பார்த்துவிட்டார்கள். நான் யாரையும் பார்க்கவில்லையே. இதற்குப் பெயர் வெளியில் தெரிவதா?

புதன்கிழமை மேலாளர் அம்மாள் கடையைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் இல்லை என்று முடிவு செய்தேன். புதுச் சட்டை போட்டேன். காதில் பஞ்சு இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். மனைவியிடம், "இன்னைக்கு நீ பின்னறையில இரு. நான் முன்னால நிக்கறேன்" என்றேன்.

"சரிங்க" என்றாள்.

அந்த அம்மாள் வந்தார். தோளை அகலப்படுத்தினேன். தாடையை அளவாக உயர்த்தினேன்.

"வணக்கம். நான்தான் முதலாளி."

அவர் என்னைப் பார்த்தார். என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார். போனை எடுத்து வீடியோவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க. நாங்க ஆர்டர் கொடுத்தது வேற ஒருத்தருக்கு."

"அது நான்தாங்க."

"நீங்க அவரோட அண்ணனா?"

"இல்லைங்க, நானேதான். இதோ, இதே மூக்கு."

"மூக்கு இருக்கலாம்" என்று அவர் சந்தேகத்தோடு இழுத்தார். "ஆனா அவரு முகத்துல ஒரு நிம்மதி இருக்கும்ங்க."

நான் என்ன அத்தாட்சி காட்டுவேன்? முழங்கால் தொடங்கிவிட்டது. பின்னறைக் கதவு திறந்தது. மனைவி வந்து என் பக்கத்தில் நின்றாள். அவளுக்குப் பின்னால் தைக்கிற நான்கு பெண்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னங்க," என்றாள் அன்பாக, "கொஞ்சம் கண்ணை மூடி, வாயைத் திறங்க."

அவளைப் பார்த்தேன். அந்த அம்மாளைப் பார்த்தேன். நூற்று அறுபது மெத்தையை நினைத்துப் பார்த்தேன்.

மூடினேன். திறந்தேன்.

"அட, இவரேதான்! முதலாளி சார், உங்களைச் சந்திச்சதுல ரொம்ப சந்தோஷம்!" என்ற குரல் கேட்டது. கையும் நீட்டினாராம், கண் மூடியிருந்ததால் எனக்குத் தெரியவில்லை, என் மனைவிதான் குலுக்கினாள்.