நாற்பது முழ ஆசனம்

ஒன்பது மாகாணங்கள் சேர்ந்த அந்தத் தேசத்தில் ஓட்டுச் சீட்டு கிடையாது. மண்தான் ஓட்டு. தேர்தலன்று அவரவர் நிலத்திலிருந்து ஒரு பிடி அள்ளிவந்து, வேண்டியவர் பானையில் போடவேண்டும். வென்றவர் அந்த மண்ணைத் தலைநகரப் பேரவையில் குவித்து, அதன்மேல் உட்காருவார். யார் தந்த இடம் என்பது மறந்துபோகக் கூடாதென்று முன்னோர் செய்த ஏற்பாடு.

செம்மேட்டு மாகாணத்தில் பச்சையம்மாவுக்கு அரைக்காணி நிலம், மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுவாள். பக்கத்து நிலத்துக்காரன் ஏகாம்பரம். வரி வசூல் வண்டிக்கு முன்னால் மல்லாந்து படுத்து, "எங்க மண்ணுல ஒரு தூசி எடுக்க விடமாட்டேன்!" என்று மூன்று நாள் கத்தியவன். மூன்று நாளும் அவனுக்குக் கூழ் ஊற்றியவள் பச்சையம்மா. அந்தக் கத்தலுக்காகவே ஊர் அவனை மாகாண அவைக்கு அனுப்பியது, பிறகு பேரவைக்கும் அனுப்பியது.

"வேற ஒண்ணும் வேணாம் தம்பி, கால்வாய மட்டும் கேளு. தண்ணி வந்தா போதும்."

"மொதப் பேச்சே அதுதான் பச்சையக்கா. உன் கூழு மேல சத்தியம்."

ஆறு மாதத்தில் மண் ஆணையர் வந்தார். குடை பிடிக்க ஒருவர், ஆணை படிக்க ஒருவர்.

"பேரவையில் உயரமாக உட்கார்ந்தவரே முதலில் பேசலாம். நம் உறுப்பினரின் ஆசனம் மூன்று முழம். வட மாகாணத்தாருடையது ஏழு முழம். இது நமக்கெல்லாம் தலைக்குனிவு. ஆகவே, வீட்டுக்குப் பத்துக் கூடை மண்."

"குடுத்தா கால்வாயப் பத்திப் பேசுவாராய்யா?"

"உயரம் வந்தால் குரல் தானாக வரும், அம்மா."

கொடுத்தாள். மறு ஆண்டு ஏகாம்பரம் எட்டு முழத்தில் இருந்தார்; வட மாகாணத்தார் பதினைந்துக்குப் போயிருந்தார். இம்முறை வீட்டுக்கு நூறு கூடை. தர மறுத்த கன்னியப்பனைச் 'சொந்த மாகாணத்தை மட்டம் தட்டிய குற்றம்' என்று சிறையில் வைத்தார்கள்.

மூன்றாவது ஆணை வந்தபோது பச்சையம்மா விதைத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"வெதை உள்ள கெடக்குதுய்யா! அறுப்பு வரைக்கும் பொறுக்கக் கூடாதா?"

"விதையோடு என்றால் இன்னும் நல்லது," என்றார் ஆணையர். "கனம் கூடும்."

வரப்புவரை வெட்டிக்கொண்டு போனார்கள். அரைக்காணி நிலம் அரைக்காணிக் குழியானது. மழையில் அதில் தவளை கத்தியது.

நாற்பதாவது முழத்தில் ஏகாம்பரத்துக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தது. அவர் பேசியதை ஊர்தோறும் தண்டோரா போட்டார்கள்: "என் செம்மேட்டில் ஆயிரம் குளங்கள் வெட்டியிருக்கிறேன். இனி அங்கே கால்வாய் தேவையில்லை!" பேரவை கைதட்டியதாம்.

"உன் தம்பி கேட்டுட்டாரு பாத்தியா?" என்றாள் அடுத்த குழிக்காரி அஞ்சலாட்சி. "கொளத்துல எறங்கிக் குளி, போ."

பச்சையம்மா பல்லைக் கடித்தாள்.

அடுத்த தேர்தலுக்கு ஏகாம்பரம் ஆசனத்தோடே வந்தார். சக்கரம் வைத்த மண்மலை. இழுக்க எண்பது காளைகள். அடிவாரத்தில் ஆணையர் ஒரே ஒரு பானையோடு உட்கார்ந்திருந்தார்.

"மண் எங்கே?"

"குழியத்தான் அள்ளிட்டு வரணும்," என்றாள் பச்சையம்மா.

"கவலை வேண்டாம். உங்கள் மண் முழுவதும் உறுப்பினரிடம் இருக்கிறது. எனவே நீங்கள் எல்லோரும் அவருக்கே வாக்களித்துவிட்டதாகச் சட்டம் கருதுகிறது. வெற்றி ஏகமனதானது. வீட்டுக்குப் போகலாம்."

பச்சையம்மா அண்ணாந்து கத்தினாள். "ஏ ஏகாம்பரம்! கீழ பாருடா!"

"யாரோ வாழ்த்துகிறார்கள்," என்று மேலிருந்து குரல் கேட்டது. "என் அன்பு மக்களே, குளங்கள் நலமா?"

அவள் பார்வை இறங்கியது. மண்மலையின் அடியில் மல்லாட்டைச் செடி முளைத்து, மஞ்சளாகப் பூத்திருந்தது. அவள் போட்ட விதை. குனிந்தாள். செடியோடு ஒரு பிடி மண்ணை அள்ளி மடியில் கட்டினாள்.

"அம்மா! அது தேச உடைமை!"

"போடணும்னு சட்டம் இருக்குது. எடுக்கக் கூடாதுன்னு எங்க இருக்குது? படிச்சுச் சொல்லுய்யா, கேட்டுக்கறேன்."

ஆணையர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். மண்ணைக் கொடுக்கும் முறை நானூறு பக்கம் இருந்தது. கொடுத்தவர்கள் திரும்பி வந்து எடுப்பார்கள் என்று எந்த முன்னோருக்கும் தோன்றவில்லை. அவர் மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார்.

அதற்குள் ஊர் கூடைகளோடு வந்துவிட்டது. "தள்ளு தள்ளு, எங்க மண்ணு அந்தாண்ட பக்கம்," என்று அஞ்சலாட்சி முண்டிக்கொண்டு போனாள்.

மேலே உரை நிற்கவில்லை. அள்ள அள்ள மலை இறங்கியது; முப்பதாவது முழத்தில் ஏகாம்பரம் சாதனைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். இருபதில் எதிரிகளின் சதி என்றார். பத்தில் காவலரைக் கூப்பிட்டார்; அவர்களும் கூடையோடு நின்றார்கள், அவர்கள் வீட்டிலும் குழிதான்.

மூன்றாவது முழத்தில் அவருக்கு முகங்கள் தெரிந்தன.

"பச்சையக்கா! நீயா? சொல்லக் கூடாதா? உனக்கு என்ன வேணும்?"

பச்சையம்மா கூடையை அவர் காலடியில் வைத்தாள்.

"எழுந்திரு," என்றாள். "நீ உக்காந்திருக்கறது என் நெலம்."