மிளகாய் மில்லில் நான் மிச்சம் பிடித்த மின்சாரம்

ஒரு தேர்வில் தேறிய பெண்ணால் தாராவியில் ஒரு தெருவையே தும்ம வைக்க முடியும். நான் வைத்திருக்கிறேன்.

அப்போது நான் அந்தத் தேர்வில் தேறி ஆற்றல் மேலாளராகி மூன்று மாதம். மின்சாரம் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடித்துத் தடுப்பது தொழில். (எங்கம்மா சம்பளமே இல்லாம செஞ்ச வேலைதான்.) எங்களுக்கென்று மும்பையில் ஒரு சங்கம் உண்டு. மாதம் ஒருமுறை மாட்டுங்காவில் கூடி, அவரவர் மிச்சம் பிடித்த பெருமையைச் சொல்வோம். மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள்.

அந்த வருடம் சின்னப் பட்டறைகளுக்கு இலவச ஆலோசனை என்று சங்கம் முடிவெடுத்தது. முதல் இடம், தாராவியில் செல்வி அக்காவின் மிளகாய் மில். அங்கே சரியாக நடந்தால்தான் மற்றவர்கள் எங்களை உள்ளே விடுவார்கள். எட்டுப் பட்டறைக்காரர்கள் பார்க்க வந்திருந்தார்கள். சங்கத் தலைவர் கோபாலன் சார் வெள்ளைச் சட்டையில் வந்தார். பேசும் பொறுப்பை நானே கேட்டு வாங்கியிருந்தேன்.

மில் அரைத்துக்கொண்டிருந்தது. சுவரில் ஒரு கிழட்டு விசிறி கடகடவென்று ஓடியது.

“இது எதுக்குச் சும்மா ஓடுது?” என்றேன்.

“அது வந்தும்மா…” என்றார் செல்வி அக்கா.

“ஒரு நிமிஷம்க்கா, நான் முடிச்சிடறேன்” என்று சுவிட்சை அணைத்தேன்.

மின்சாரச் செலவு குறைய, மீட்டரின் சிவப்பு விளக்கு சிமிட்டுவதும் குறைந்தது. பெருமையுடன் சுட்டிக்காட்டினேன். அதற்குள் எங்கள் கண்கள் சிமிட்டுவது அதிகரித்திருந்தது.

அந்த விசிறிதான் மிளகாய்த் தூளைக் குழாய் வழியாக ஒரு டிரம்முக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. இப்போது தூள் வாசல் வழியாகக் கிளம்பியது. நாங்களும் அதே வழியாகக் கிளம்பினோம். எழுபது வயது கோபாலன் சார் முதலாவதாக வெளியே வந்தார். எதிர்க் கடைக்காரர் “க்யா ஜலாயா ரே?” என்று, எதைக் கொளுத்தினோம் என இந்தியில் கத்திவிட்டு ஷட்டரை இறக்கினார். தெருவே தும்மியது.

செல்வி அக்கா முந்தானையால் முகத்தை மூடி உள்ளே போய், மில்லை நிறுத்தி, விசிறியைப் போட்டுவிட்டு வந்தார்.

“அதத்தாம்மா சொல்ல வந்தேன். அது ஓடலேன்னா நாம ஓடணும்லா.”

எல்லோருக்கும் மோர் கொடுத்தார். எனக்குக் கடைசியில். அது நியாயம்.

எட்டுப் பேரும் “அப்புறம் பாக்கலாம்” என்று போனார்கள். திலக் நகரில் இருக்கும் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அழுதேன். (மிளகாய்க்கா மானத்துக்கான்னு எனக்கே தெரியல.)

மறுநாள் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். அக்கா ஒரு ஸ்டூலைப் போட்டார். அன்று முழுக்க அவர் பேசினார், நான் கேட்டேன். விசிறியின் குழாயில் பல வருடத் தூள் அடைத்திருந்தது. சுத்தம் செய்ததும், அதில் பாதி அளவு விசிறியே போதும் என்று தெரிந்தது. எட்டுப் பேரையும் அக்காவே திரும்ப அழைத்து வந்தார்.

ஆனாலும் எனக்கு வெட்கம் போகவில்லை. சங்கத்திலிருந்து விலகுகிறேன் என்று கோபாலன் சாருக்குப் போன் செய்தேன்.

“விலகறதெல்லாம் அப்புறம். அடுத்த மீட்டிங்ல இதை வந்து சொல்லு. இங்க யாரும் சொதப்பினதைச் சொல்றதே இல்ல” என்றார்.

சொன்னேன். யாரும் கொட்டாவி விடவில்லை. பின்வரிசையில் ஒருவர் எழுந்து, ஹோட்டல் லிஃப்டை நிறுத்தி மாப்பிள்ளை வீட்டாரைப் பாதியில் தொங்கவிட்ட கதையைச் சொன்னார். அப்புறம் வரிசையாக எழுந்தார்கள். கூட்டம் முடிய இரண்டு மணி நேரம் தாமதம்.

இன்று எங்கள் சங்கத்தின் ஆய்வுப் படிவத்தில் முதல் வரி: ‘எதையும் அணைக்கும் முன் அங்கே வேலை செய்பவரைக் கேட்கவும்.’ வீட்டில் படிவம் கிடையாது. நான் சுவிட்ச் பக்கம் கை நீட்டினால் போதும், என் மகள் முன்கூட்டியே தும்முகிறாள்.