மகாராணியிடம் கேட்ட வரிப்பணம்

ஒரு குடும்பம் நான்கு நாடுகளில் சிதறி வாழும்போது, அந்தந்த நாட்டுச் சட்டங்களும் தொலைபேசி வழியாகக் கடல் தாண்டிவிடுகின்றன. எங்கள் வீட்டில் லண்டனிலிருந்து வருபவற்றுக்கு மதிப்பு அதிகம். அவற்றைச் சொல்பவர் என் மூத்த அண்ணர். அவர் எதையும் ஐயத்தோடு சொன்னதே இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நானும் கணவரும் மூன்று வயது மகளும் கனடாவில், அஜின்கோர்ட்டில், கணவரின் தமக்கை வீட்டின் நிலக்கீழ்த் தளமான பேஸ்மென்ற்றில் குடியிருந்தோம். மச்சாள் நல்லவர், முகம் சுளித்ததில்லை. ஆனாலும் மகள் படியேறி ஓடும்போதெல்லாம் நான் பின்னால் நின்று "சத்தம் போடாதை" என்று கெஞ்சுவேன். ஒரு குழந்தை கெஞ்சலின்றி ஓட ஒரு வீடு வேண்டும் என்பதே அப்போது என் ஒரே ஆசை. டோர்செட் பார்க் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீடு அமைந்தது. முதல் மாத வாடகையையும் கடைசி மாத வாடகையையும் முன்கூட்டியே கேட்டார்கள். ஒன்றுக்குக் கையில் இருந்தது, மற்றதற்கு இல்லை.

அந்த வேளையில் பொதி கட்டும் தொழிற்சாலையை விட்டு ஒரு காப்புறுதி அலுவலகத்தில் சேர்ந்தேன். அண்ணர் அழைத்தார்.

"பிள்ளை, வேலை மாறினா, கூடக் கழிச்ச வரியெல்லாம் புதுச் சம்பளத்தோட தானா வரும். எனக்கு வந்தது."

"கனடாவிலயும் அப்பிடியோ அண்ணை?"

"ரெண்டு நாட்டுக்கும் மகாராணி ஒராள்தானே!"

(அரசியலமைப்பைப் பற்றி இவ்வளவு தெளிவான வாதத்தை நான் அதுவரை கேட்டதில்லை.) நான் ஊரில் நூலகத்தில் வேலை பார்த்தவள். ஐயமான ஒரு சொல்லை இரண்டு அகராதிகளில் பார்க்காமல் உறங்கமாட்டேன். அண்ணரின் சொல்லை மட்டும் எதிலும் பார்க்கவில்லை.

கணவர் உலோகத்துக்கு முலாம் பூசும் தொழிற்சாலையில் இருந்தார். நான் அளித்த முழு விரிவுரையையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப நானும் மாறினா எனக்கும் வருமோ?"

"கட்டாயம் வரும்!"

அடுத்த வாரமே அவர் அந்த வேலையை விட்டு ஓர் அச்சகத்தில் சேர்ந்தார். சம்பளம் குறைவு. வரிதான் வரப்போகிறதே என்று தேற்றினேன். மாத முடிவில் போகிறோம் என்று மச்சாளுக்கும் அறிவித்தேன். அவர் பேஸ்மென்ற்றைப் புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்கு வாடகைக்குப் பேசிவிட்டார்.

சம்பள நாள் காலை, சம்பளப் பகுதிக்கு ஒரு பெட்டி அரியதரப் பலகாரத்தோடு போனேன். அங்கிருந்த டோரின் மலர்ந்த முகத்தோடு ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"அருமை! இது எதற்கு?"

"என் வரியைத் திருப்பித் தந்ததற்கு நன்றி."

டோரினின் வாய் அசைவது நின்றது. "எந்த வரி?"

எனக்குப் பின்னால் ஒரு வரிசை. நான் நூலக ஆங்கிலத்தில் சட்டத்தை விளக்கினேன். வேறு சான்று இல்லாததால் மகாராணியையும் குறிப்பிட்டேன். டோரின் மெதுவாக விழுங்கினார்.

"கண்ணே, வரியைப் பிடித்து அனுப்புவதுதான் எங்கள் வேலை. இங்கே அது சம்பளத்தோடு திரும்பி வராது. இளவேனிலில் நீ வருமான வரிக் கணக்கைக் கொடுத்தால் அரசாங்கம் காசோலை அனுப்பும்."

அப்போது ஒக்ரோபர். வரிசையில் நின்றவர்கள் துக்கம் விசாரிப்பவர்களைப் போல ஆளுக்கோர் அரியதரம் எடுத்துக்கொண்டார்கள். புது அலுவலகத்தில் என் பெயரை அறியுமுன்பே மகாராணியிடம் காசு கேட்டவளாக என்னை எல்லோரும் அறிந்துகொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து கணவர் முன்னால் அழுதேன். "உங்களையும் நல்ல சம்பளத்தை விட வைச்சிட்டன்."

அவர் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். "அப்பிடியொரு சட்டம் இஞ்சை இல்லையெண்டு பக்கத்து மிசின்காரன் அண்டைக்கே சொன்னவன்."

"தெரிஞ்சும் ஏன் விட்டனீங்கள்?"

"விட ஒரு சாட்டு வேணுமெல்லே. நீர் அவ்வளவு வடிவா விளங்கப்படுத்தினீர்."

அப்போதுதான் கவனித்தேன்: அந்த அமிலப் புகையில் ஓயாமல் இருமியவர், அச்சகத்துக்குப் போகத் தொடங்கிய பிறகு இருமவே இல்லை. எத்தனையோ புத்தகம் படித்தவளின் காதில் அந்த இருமல் விழவேயில்லை. அது நின்றுபோனதைக் கவனிக்கவும் ஒரு தோல்வி தேவைப்பட்டது.

மேலே மச்சாளிடம் உண்மையைச் சொல்லப் போனோம். அவர் சிரித்துச் சிரித்துக் கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் போகாட்டி, வாற சனத்தை நான் எங்கை படுக்க வைக்கிறது? இந்த மாதச் சீட்டு என்ர முறை. அந்தக் காசை நீர் எடும். மகாராணி தரேக்கை தாரும்!"

அப்படித்தான் நாங்கள் டோர்செட் பார்க்குக்குக் குடிபோனோம். முதல் நாள் மகள் கூடத்துக்கும் அறைக்குமாக ஓடினாள். நான் வாயைத் திறக்கவில்லை. மே மாதம் அரசாங்கத்தின் காசோலை வந்தது. மச்சாளின் கடன் தீர்ந்தது.

ஆனால் கதை தீரவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒருவர் எதையாவது மிக உறுதியாகச் சொன்னால், "உது லண்டன் சட்டமோ?" என்று இன்றும் கேட்பார்கள். அண்ணர்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பார். அண்மையில் மகள் அலுவலகத்திலிருந்து களைத்து வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் அமர்ந்தாள்.

"அம்மா, இந்த வேலை எனக்குச் சரிவரேல்லை. விடுறதுக்கு ஒரு லண்டன் சட்டம் சொல்லுங்கோவன்."