தலையில் கை வைத்த கெண்டி

கூடுங்கள், தோழர்களே! குனோங் ராபாட் ஊரின் வரிசை வீடு ஒன்றில், உழைத்துக் களைத்த கணவன் ஒருவனுக்கு நேர்ந்த அநீதியை வந்து பாருங்கள்! ஆசையோடு ஒரு பரிசை நீட்டினார் பத்துமலை. அதைக் கண்ட மறுகணமே பையைத் தூக்கிக்கொண்டு, கோப்பெங்கிலிருக்கும் அக்காள் வீட்டுக்குப் பேருந்தேறிவிட்டாள் அவர் மனைவி இருளாயி. இதில் நியாயம் உண்டா?

அந்தப் பரிசு, மரத்தில் கடைந்த ஒரு தேநீர்க் கெண்டி. தொழிற்சாலையில் நாற்காலிக் கால் கடைவது பத்துமலையின் பிழைப்பு. மிஞ்சிய ரப்பர்க் கட்டைகளில் வேடிக்கைக் கெண்டிகள் கடைவது அவருடைய பித்து. தகப்பன் தோட்டத்தில் பால் வெட்டிய மரம், மகன் கையில் தும்பிக்கை முளைத்த கெண்டியாயிற்று. தொந்தி சரிந்த முதலாளிக் கெண்டியாயிற்று. அலமாரி நிறையக் கெண்டிகள் நின்றன. ஒன்றின் மூக்கிலும் துளை கிடையாது.

1986-இல், அந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் இருளாயியையே கெண்டியாக்கி முடித்திருந்தார். இடுப்பில் ஊன்றிய கை, கைப்பிடி. நீட்டிய கை, மூக்கு. கொண்டை, மூடி.

"என்னங்க, கொஞ்சம் சுடுதண்ணி..." என்று சுவரைப் பிடித்தபடி வந்தாள் இருளாயி.

"சுடுதண்ணி கெடக்கட்டும்லா! இதப் பாரு, யாருன்னு சொல்லு!"

அவள் முகம் சிவந்திருந்தது. கண்கள் அதைவிடச் சிவந்திருந்தன. உதடு துடித்தது. கையிலிருந்த கண்ணாடிக் குவளை நழுவி நொறுங்கியது.

"நான் அக்கா வீட்டுக்குப் போறேன்."

பையைத் தூக்கிக்கொண்டு வாசலிறங்கினாள்.

"கோவம் வராம என்ன செய்யும், மச்சான்?" என்றார் அடுத்த வீட்டு அப்பாவு, கெண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து. "கைய நீட்டி ஏசுற மாதிரில்ல நிக்கிறா! எந்தப் பொம்பள பொறுப்பா? மொதல்ல அந்தக் கைய எடுங்க."

அந்தக் கையை ஏன்தான் நீட்டி வைத்தோமோ என்று நொந்துகொண்டே பத்துமலை அதை அறுத்தெடுத்தார்.

"ஐயையோ, ஒத்தக் கையோடல்ல நிக்கிது! நீங்கதான் ஒடிச்சீங்கன்னு ஊரு பேசும். அது போவட்டும், அந்த வயிறு... பூசணிக்கா மாதிரி இருக்கு, மச்சான். கொஞ்சம் எளைக்க வைங்க."

இளைக்க வைக்க, கெண்டியை மறுபடி கடைசல் எந்திரத்தில் ஏற்ற வேண்டும். ஏற்ற, இடுப்புக் கையைக் கழற்ற வேண்டும். கழற்றினார், ஏற்றினார். உளி சற்றே ஆழமாக இறங்கியது. வயிற்றில் ஓட்டை விழுந்தது. அதை ஒரு மர வில்லையால் அடைத்தார். கெண்டிக்குத் தொப்புள் முளைத்தது. கழற்றிய கையோ இளைத்த இடுப்பில் ஒட்ட மறுத்தது. எங்கே பொருந்துகிறதோ அங்கே இருக்கட்டும் என்று ஒட்டினார். பொருந்திய இடம் தலை.

"போச்சு!" என்றார் அப்பாவு. "தலையில கை வச்சுட்டா."

இந்தத் திருப்பணி நடந்த நாளெல்லாம், தேநீர்க் கெண்டியின் சிற்பி தேநீருக்கு மூலைக்கடைக்கே நடந்தார். தம் வீட்டில் தேயிலை டப்பா எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. திரும்பி வந்து கதவைத் திறந்தால், அலமாரிக் கெண்டிகள் அத்தனையும் வாய்மூடி அவரையே பார்த்தன. 'நாலு வார்த்த ஏசிட்டாவது போயிருக்கலாமே' என்று மனம் கிடந்து புழுங்கியது.

புதன்கிழமை விடுப்பெடுத்து, கெண்டியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு கோப்பெங்கில் போய் இறங்கினார். இருளாயியின் அக்காள் முத்தம்மா கதவைத் திறந்து, உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவா! இப்பத்தான் கண்ண மூடுனா."

உள்ளே, சுவர்ப் பக்கம் திரும்பிப் போர்வைக்குள் கிடந்தாள் இருளாயி. தம் முகத்தைப் பார்க்கக்கூட மனமில்லையோ! பத்துமலை அவள் தலைமாட்டில் குந்தினார்.

"எல்லாத் தப்பும் என்னோடதுதான், இருளாயி! ஒன் கைய நீட்டி வச்சது தப்பு. வயித்தப் பெருசாக் கடைஞ்சது தப்பு. கோவத்த விட்டுட்டு வா. வேற கெண்டி செஞ்சு தாரேன்!"

அடுப்படியிலிருந்து, ஆவி பறக்கும் இஞ்சித் தேநீரோடு வெளியே வந்தார் முத்தம்மாவின் கணவர் சன்னாசி.

"யாரு கோவிச்சுக்கிட்டா, சகல? காய்ச்சல்லா அவளுக்கு! ஞாயித்துக்கெழம ஒடம்பு நெருப்பாக் கொதிக்க வந்து வாசல்ல நின்னா. 'குடிக்கச் சுடுதண்ணி கேட்டேன் மாமா, மரக் கெண்டியக் காட்டுறாரு'ன்னு அழுதா."

கணவன்மார்களே! இதைக் கீழே வைத்துவிட்டு இப்போதே எழுங்கள். அடுப்பில் தண்ணீர் வையுங்கள். தேயிலை டப்பா எங்கே என்று அவளைக் கேட்காதீர்கள். தேடுங்கள்!