வீபெயின் மீன்

இந்த வீட்டில் என் பேச்சுக்கும் ஒரு மதிப்பு வேண்டும் என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்த கையோடு, யாரிடமும் பேசாமல் ஒரு மீன் வாங்கினேன்.

எங்கள் முன்னறையில் கடல்நீர்த் தொட்டி ஒன்று உண்டு. அதற்கு உப்புக் கலப்பது, தண்ணீர் மாற்றுவது, கண்ணாடியில் பாசி சுரண்டுவது எல்லாம் என் வேலை. அதில் யார் வாழலாம் என்று தீர்மானிப்பது என் மனைவி ஹன்னெகாவின் வேலை. தொட்டியின் மகாராணி எலுமிச்சை. உடம்பெல்லாம் மஞ்சள், உள்ளங்கை அகலம். சர்ஜன் மீன் என்று சொல்வார்கள். வாலடியில் இரண்டு பக்கமும் கத்தி மாதிரி முள் இருப்பதால் அந்தப் பெயர். காலையில் ஹன்னெகா லெட்டூஸ் இலையைத் தண்ணீருக்குள் நீட்டுவாள். எலுமிச்சை வந்து அவள் கையிலிருந்தே கொறிக்கும். அந்தக் கையால் என் ரொட்டிக்கு வெண்ணெய் தடவி நான் பார்த்ததில்லை.

"தொட்டி நெறஞ்சாச்சு யாப். இனிமே ஒரு வால்கூட உள்ள வரக் கூடாது" என்று போன மாதம்தான் சட்டம் போட்டிருந்தாள்.

நான் என்ன செய்ய? கடையில் அது என்னைப் பார்த்தது. கத்தரிக்காய் நிறத்தில் உடம்பு, வால் மட்டும் மஞ்சள். அதுவும் சர்ஜன் ஜாதிதான். "வீட்ல இதே ஜாதி மீன் இருக்கா? இருந்தா அடிச்சுக்கும்" என்றார் கடைக்காரர். "இல்லையே" என்றேன். பொய்யில் பெரிய கஷ்டம் முதல் பொய்தான். அடுத்தது தானாக வரும்.

அடுத்தது பக்கத்து வீட்டு வீபெயின் தலையில் விழுந்தது. அவனிடமும் தொட்டி உண்டு, எங்களுடையதைப் போல மூன்று மடங்கு. அன்று காலைதான் மனைவி ஆல்ட்யாவோடு, காருக்குப் பின்னால் கேரவனை இழுத்துக்கொண்டு, பிரான்சுக்கு லீவில் புறப்பட்டிருந்தான். வழியில் போனில் பிடித்தேன்.

"வீபெ, ஒரு உதவி. இந்த மீன் உன்னோடதுன்னு ஹன்னெகாகிட்ட சொல்லப் போறேன். நீ திரும்பி வந்ததும், 'நீங்களே வச்சுக்குங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்டா."

மீனைத் தொட்டியில் விட்டேன். ஹன்னெகா தொட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இது யாரு?"

"வீபெயோட மீன். வாங்கின கையோட ஊருக்குக் கிளம்பிட்டான். பாத்துக்க ஆளில்லையாம்."

"மீன வாங்கி வச்சுட்டு மறுநாளே ஊருக்குப் போறவனா வீபெ?"

"அவன் அப்படித்தான்."

"என்ன ஜாதி?"

"சர்ஜன். அறுக்கிற கூட்டம்."

"வீட்ல ஏற்கனவே ஒரு அறுவை இருக்கு" என்றவள், கொஞ்சம் யோசித்தாள். "சரி. விருந்தாளிதானே. வந்த மாதிரி போகட்டும்."

அன்று காபியோடு எனக்கு இரண்டாவது பிஸ்கட்டையும் நீட்டினாள். எங்கள் வீட்டில் பிஸ்கட் டப்பா ஒரு பிஸ்கட்டோடு மூடிவிடும். நான் அப்போதே பயந்திருக்க வேண்டும். வெற்றி என்று நினைத்துச் சாப்பிட்டேன்.

சாயங்காலத்துக்குள் விருந்தாளிக்கு வீடு பிடித்துப்போனது. மொத்த வீடும். எலுமிச்சை எதிரே வந்தால் பக்கவாட்டில் திரும்பி, வாலை ஒரு வெட்டு வெட்டும். மறுநாள் பார்த்தால் எலுமிச்சையின் விலாவில் நீளமாக வெள்ளைக் கீறல். முதுகுத் துடுப்பு பல் உடைந்த சீப்பு. தண்ணீர் இழுக்கும் குழாய்க்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நின்றது.

"உன் மீன் என் மீனைக் கிழிச்சிடுச்சு" என்றாள் ஹன்னெகா.

"என் மீன் இல்ல. வீபெயோட மீன்."

"ஆமால்ல. மறந்துட்டேன். யாரோட மீன்?"

"வீபெயோட."

"வீபெக்கு போன் போட்டு, உன் மீனோட லட்சணத்தப் பாருன்னு சொல்லட்டுமா?"

"வேண்டாம், பாவம், லீவுல இருக்கான். நானே பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டேன். சண்டைக்கார மீனுக்குக் கண்ணாடியைக் காட்டினால் அது தன் பிம்பத்தோடு மல்லுக்கு நிற்கும், மற்றவர்களை விட்டுவிடும் என்று படித்திருந்தேன். குளியலறைக் கண்ணாடியைக் கழற்றித் தொட்டியின் பக்கத்தில் ஒட்டினேன். உண்மைதான். ஊதாப் பயல் நாள் முழுக்கத் தன்னைத்தானே முறைத்துக்கொண்டிருந்தான். நான் மறுநாள் கண்ணாடி இல்லாமல் சவரம் செய்தேன். வீட்டில் வெட்டுக்காயம் பட்டவர்கள் இரண்டு பேர் ஆனோம். சலித்துப்போனதும் அவன் கண்ணாடியை விட்டுவிட்டு எலுமிச்சையிடம் திரும்பிவிட்டான்.

அடுத்து, கற்களை இடம் மாற்று என்றார்கள். இடம் மாறினால் எது யாருடைய இடம் என்பது எல்லோருக்கும் மறந்துபோகுமாம். அக்குள்வரை கையை விட்டு, மணிக்கணக்கில் பாறைகளை அடுக்கினேன். தரைவிரிப்பு வட கடல் ஆனது. எல்லா மீன்களும் திகைத்து நின்றன. ஊதாப் பயல் மட்டும் சுற்றிப் பார்த்து, இருப்பதில் நல்ல குகையைப் பிடித்தான். நன்றி சொல்வதுபோல் என் மணிக்கட்டில் ஒரு கோடு போட்டான்.

"ரத்தம் வருது" என்றாள் ஹன்னெகா, பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல். "யாரோட மீன் கடிச்சுது?"

"கடிக்கல. வெட்டிச்சு. வீபெயோட மீன்."

அன்றைக்கும் மறுநாளும் எலுமிச்சை சாப்பிடவில்லை. காலையில் ஹன்னெகா இலையை நீட்டினாள், அது வரவில்லை. அவள் திட்டவில்லை. ஸ்வெட்டர் கை நனைவதுகூடத் தெரியாமல் இலையைப் பிடித்தபடியே நின்றாள். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

எலுமிச்சையை வலையில் எடுத்து, ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் தொட்டித் தண்ணீரையே நிரப்பி விட்டேன். உள்ளே ஒரு ஹீட்டர், காற்றுக் குமிழ் விடும் கருவி, ஒளிந்துகொள்ள ஒரு உடைந்த குழாய்த் துண்டு. கிழிந்த துடுப்புக்குச் சுத்தமான தண்ணீரும் நிம்மதியும்தான் மருந்து. தினமும் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். பெட்டி வைக்க வீட்டில் ஒரே இடம் குளியல் தொட்டி.

"நாம எங்க குளிக்கிறது?" என்று கேட்டேன்.

"நான் ஆல்ட்யா வீட்ல குளிச்சுக்கிறேன். சாவி எங்கிட்டதான் இருக்கு. உனக்கு ஊர்ல நீச்சல் குளம் இருக்கே."

குளத்துக்கு மழையில் சைக்கிளில் போய்க் குளித்து, மழையிலேயே திரும்பி வந்தேன். வீட்டில் நான் நோயாளிக்கு உப்புக் கலந்தேன். ஊதாப் பயல் முன்னறையில் தனிக்காட்டு ராஜாவாகத் திரிந்தான். ஆனால் அழகன். கோபம் வரும்போதெல்லாம் அவனைப் போய்ப் பார்ப்பேன், கோபம் போய்விடும். இவ்வளவு பட்டதும் இவனுக்காகத்தானே. எலுமிச்சை தேறட்டும், வீபெ வரட்டும், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லட்டும். அப்புறம் தொட்டிக்கு நடுவில் ஒரு தடுப்பு போட்டால் ஆயிற்று.

எலுமிச்சை தேறியது. ஒருநாள் குளியலறையிலிருந்து ஹன்னெகா சிரிப்பது கேட்டது. இலை பாதி காணாமல் போயிருந்தது. துடுப்பின் ஓரத்தில் கண்ணாடி மாதிரி புதுத் தோல் வளர்ந்திருந்தது. நானும் சிரித்தேன். அது மட்டும் பொய்யில்லை.

அந்த வார இறுதியில் வீபெ வந்தான், வெயிலில் காய்ந்து தக்காளி நிறத்தில், கையில் ஒரு பாட்டில் ஒயினோடு. ஹன்னெகா காபி கொடுத்தாள். மேசைக்குக் கீழே மூடி போட்ட வாளி ஒன்று குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. நான் குளத்துக்குப் போயிருந்த நேரத்தில் கண்ணாடியைக் காட்டியே ஊதாப் பயலை வலைக்குள் வரவழைத்திருக்கிறாள்.

"உன் மீன் தயாரா இருக்கு வீபெ. நல்லா சாப்பிடறான். கொஞ்சம் முரடன்" என்றாள்.

நான் வீபெயைப் பார்த்தேன். கண்ணடித்தேன். வீபெ காபியைப் பார்த்தான்.

"நீ ஏதோ சொல்லணும்னு இருந்தியே வீபெ" என்றேன்.

"ஆமா" என்றான். "பாத்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி."

வாளியைத் தூக்கிக்கொண்டு அவன் வாசலுக்குப் போக, நான் பின்னாலேயே ஓடினேன்.

"என்னடா இது?"

"முதல் நாளே ஹன்னெகா ஆல்ட்யாவுக்கு போன் போட்டுட்டா. 'உங்க மீனுக்கு என்ன தீனி?'ன்னு கேட்டிருக்கா. 'எந்த மீன்?'னு ஆல்ட்யா கேட்டுட்டா."

"அப்பவே எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"ஹன்னெகா சொல்லக் கூடாதுன்னுட்டா. எங்கிட்ட அந்த ஜாதி மீன் வேற இல்ல, தொட்டியும் பெரிசு. இவன் சந்தோஷமா இருப்பான்." வாளியின் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தான். "அழகான பயல்டா. உனக்கு எப்பப் பாக்கணும்னு தோணுதோ, வா."

"அது என் மீன்" என்றேன், முதல் தடவையாக, சத்தமாக.

முன்னறையில் எலுமிச்சை தன் தொட்டிக்குத் திரும்பியிருந்தது. ஹன்னெகா அதற்கு இலை பிடித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது அவள் காதில் விழாமல் இருக்க வாய்ப்பே இல்லை. திரும்பாமலே குரல் கொடுத்தாள்.

"யாப், கூடப் போய் வாளிய வாங்கிட்டு வந்துடு. அது மட்டும்தான் நம்மளோடது."