கப்பலில் பேசக் கூடாது

இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தால், என் வாழ்நாளில் நான் விற்ற பட்டுப் புடவை அத்தனையும் இன்றைக்கே சாயம் போகட்டும். உடுத்தியவர்கள் எல்லாம் கும்பலாகக் கிளம்பி ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, என் வீட்டை விசாரித்துக்கொண்டு வரட்டும். இது போதாது என்றால் வேறு சத்தியம் சொல்லுங்கள், அதையும் செய்கிறேன். மனைவி தலையில் அடித்து மட்டும் செய்யச் சொல்லாதீர்கள். அந்தத் தலை திருப்பி அடிக்கும்.

என் பெயர் சக்கரவர்த்தி. அவள் பெயர் தெய்வநாயகி. சக்கரவர்த்திக்கு மேலே தெய்வம் என்பது பெயர் வைத்த அன்றைக்கே முடிவாகிவிட்டது. எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் எங்கள் மகன் வெற்றிச்செல்வன் மாசி மாதம் போன் செய்தான்.

"அப்பா, கலாபகோஸ் தீவுங்களுக்கு ஒரு சின்னக் கப்பல் போவுது. மொத்தமே பதினாறு பேர்தான். எல்லாம் கடலுக்குள்ள நெருப்பு மலை வெடிச்சு உண்டான தீவு. மனுஷனைப் பார்த்தா பயப்படாத பறவை, கடல்ல நீந்துற ஓணான், ஆள் உட்கார்ற சைஸுல ஆமை. ரெண்டு படுக்கை இருக்கிற ரூம் ஒண்ணு போடறேன். நீங்களும் அம்மாவும் போயிட்டு வாங்க. அம்மா வரலன்னா வேற துணை யாருன்னு சொல்லுங்க. நான் கப்பல் வரைக்கும் வந்து ஏத்தி விடறேன்."

போனை வைத்த கையோடு ஒரு மகத்தான முடிவு எடுத்தேன். அந்த இரண்டாவது படுக்கையில் தெய்வநாயகி படுக்கக் கூடாது. சின்னதுரைதான் படுக்க வேண்டும்.

சின்னதுரை என் சிநேகிதன். ரைஸ் மில்லில் லாரி ஓட்டி ஓய்ந்தவன். நான் கதை சொன்னால் "அப்புறம்?" என்று கேட்பதற்காகவே பெற்று அனுப்பப்பட்டவன். தெய்வநாயகி அப்படி இல்லை. நான் கதையை உச்சிக்குக் கொண்டுபோகும் நேரத்தில் ரசம் கரண்டியோடு வந்து நின்று, "போன வாரம் வேற மாதிரி சொன்னீங்களே" என்பாள். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் கலைந்துவிடுவார்கள். அந்தக் கரண்டி எட்டாத தூரத்தில் இரண்டு வாரம். இதற்காக நெருப்பு மலை என்ன, நெருப்புக்குள்ளேயே போகலாம்.

டீக்கடையில் சின்னதுரையிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"கலாபகோஸா? கலசப்பாக்கத்துக்கு அந்தாண்டயா?"

"ரொம்ப அந்தாண்ட."

"எத்தினி பஸ் மாறணும்?"

"பஸ் இல்லடா. ஏரோப்ளேன். அப்புறம் கப்பல்."

"அண்ணி ஒத்துக்கினாங்களா?"

"அவளே வேணாம்னு சொல்லுவா பாரு. அதுக்கு ஒரு வித்தை இருக்கு."

நான் வேலை பார்த்த பட்டுக் கடையில் பழகிய வித்தை இதுதான். ஒருவருக்கு எடுத்து வைத்திருக்கும் புடவையை இன்னொருவர் கேட்டால், இல்லை என்று சொல்லக் கூடாது. டியூப் லைட்டுக்கு நேர் கீழே விரித்துக் காட்ட வேண்டும். மயில் கழுத்து நிறம் அடுப்புச் சாம்பலாகத் தெரியும். கேட்டவர் தானாகவே "வேணாங்க" என்று தள்ளிவிடுவார். கடையில் இந்த வித்தையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அன்று மத்தியானமே கலாபகோஸை டியூப் லைட்டுக்குக் கீழே விரித்தேன்.

"கப்பல் ஆடிகினே இருக்குமாம் தெய்வா."

"அய்ய, எனக்கு ஷேர் ஆட்டோவே ஒத்துக்காது."

"தீவுக்குள்ள ஒரு விதை கூட கொண்டு போவக் கூடாதாம். தலையில பூ வெச்சா கழட்டச் சொல்லுவாங்க."

"பூ இல்லாமயா?"

"கடுகு கூட விதைதானே. தாளிச்ச குழம்பை மறந்துட வேண்டிதான்."

அவள் முருங்கைக்கீரை உருவுவதை நிறுத்தவே இல்லை. "எனக்கு வேணாங்க. நீங்க சின்னதுரை அண்ணனைக் கூட்டினு போங்க."

நான் சின்னதுரை பேரையே எடுக்கவில்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் இருப்பவனுக்கு எது உறைக்கும்? டீக்கடையில் சொன்னேன். பழைய கடையில் போய்ச் சொன்னேன். கண்ணமங்கலம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னேன், அவர் கேட்கவே இல்லை. ஊர் முழுக்க என்னைக் 'கப்பல்காரர்' என்று கூப்பிட ஆரம்பித்தது.

மறு வாரம் தெய்வநாயகி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனோடு எதிரில் உட்கார்ந்தாள்.

"வெற்றி கப்பல் சட்டமெல்லாம் அனுப்பியிருக்கான். இப்பவே பழகிக்கினாதான் அங்க பேஜார் இல்லாம இருக்கும். நான் படிக்கிறேன், நீங்க கேளுங்க."

எவ்வளவு நல்ல மனைவி என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் என் வேர்க்கடலை டப்பா பரண் மேலே போயிருந்தது.

"அது எதுக்கு?"

"விதை."

சட்டைப் பையில் வைத்திருந்த எள்ளுருண்டையும் விதைக் கணக்கில் போனது. பிறகு பிராணிகளிடம் ஆறடி தள்ளி நிற்க வேண்டும் என்று படித்தாள். பழகிக்கொள்வதற்காக என் காபியை ஆறடி தள்ளி வைத்தாள். காபி என்ன பிராணி என்று கேட்டேன். பால் பிராணியிலிருந்துதானே வருகிறது என்றாள். இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். அடுத்த சட்டம்தான் என் தொண்டையில் கை வைத்தது.

"தீவுல பேசக் கூடாதாம்."

"இன்னாத்துக்கு?"

"பறவைங்க முட்டை மேல உட்கார்ந்துகினு இருக்கும். சத்தம் கேட்டா எழுந்துக்கும். முட்டை ஆறிடும்."

"சரி, கப்பல்ல பேசிக்கிறேன்."

"கப்பல்ல இன்னும் மோசம். திமிங்கிலத்துக்கு தண்ணி வழியா காது கேட்குமாம்."

"ரூம்ல?"

"சின்னக் கப்பலுங்க. சுவரெல்லாம் அப்பளம் மாதிரி. அடுத்த ரூமுக்கு கேட்கும்."

"அப்ப எப்பதான் பேசறது?"

அவள் விரலால் போனைத் தள்ளித் தள்ளி ரொம்ப நேரம் தேடினாள். "வியாழக்கிழமை சாயந்தரம் அரை மணி நேரம் விடுவாங்களாம். அதுவும் சந்தேகம் கேட்கறதுக்குத்தான்."

பழக்கம் ஆரம்பமானது. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை வாயைத் திறக்கக் கூடாது. நானும் ஆண்பிள்ளைதான், ஒரு வாரம் தாக்குப்பிடித்தேன். எட்டாம் நாள் பக்கத்து வீட்டு லீலா வந்தாள். தெய்வநாயகிக்கு உயிர்க் கூட்டாளி. வந்தவள் என் எதிரிலேயே உட்கார்ந்து, கண்ணமங்கலம் பஸ்ஸில் மலைப்பாம்பு ஏறிய கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். அது என் கதை. நான் பெற்று வளர்த்த கதை. என் பாம்பு பதினெட்டு அடி. லீலா அதை ஆறடியாக நறுக்கிவிட்டாள். கண்டக்டரைப் பார்த்துச் சீறிய பாம்பை, சீட்டுக்கு அடியில் தூங்க வைத்துவிட்டாள்.

வாயைத் திறந்தேன்.

தெய்வநாயகி ஒரு விரலை உயர்த்தினாள். "முட்டை ஆறிடும்."

மூடிக்கொண்டேன். கையை விரித்துப் பதினெட்டு அடி காட்டப் பார்த்தேன். கை போதவில்லை.

இதற்குள் சட்டம் சின்னதுரை காதுக்கும் போய்விட்டது. மறுநாள் இருட்டிய பிறகு வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, அங்க பேசவே கூடாதாமே."

"ஆமாண்டா."

"'அப்புறம்'னு கூடவா?"

"அப்புறம்னு சொன்னாலும் திமிங்கிலத்துக்குக் கேட்கும்."

"அப்ப நான் வந்து இன்னா பண்றது? எனக்குக் கலசப்பாக்கமே போதும்ணே." போய்விட்டான்.

யோசித்துப் பாருங்கள். துணையும் போச்சு, பேச்சும் போச்சு. போகவில்லை என்று சொல்லலாமா? ஊர் முழுக்கக் கப்பல்காரர். பயந்துவிட்டான் என்று சிரிப்பார்கள். மானத்தோடு தப்ப ஒரே வழிதான் இருந்தது. 'என் மனைவிக்காக விட்டுக் கொடுத்தேன்' என்று சொல்லிக்கொள்ள வேண்டும். அதற்கு அவள் போக வேண்டும். எந்தச் சரக்கை நானே மட்டமாகக் காட்டினேனோ, அதையே அவள் தலையில் கட்ட வேண்டும்.

கப்பலை விட்டவனுக்கு ஏது சட்டம்? வாயைத் திறந்தேன், இந்தத் தடவை வெயில் விழும் இடத்தில் விரித்தேன்.

"தெய்வா, நீ போயிட்டு வா."

"எனக்கா? வேணாங்க." புறங்கையால் தள்ளினாள். வேண்டாத புடவையைத் தள்ளுவார்களே, அதே மாதிரி.

"அமைதியான இடம்."

"அமைதி வீட்லயே இருக்கே இப்போ."

"சமைக்க வேணாம். உட்கார்ந்த இடத்துல சாப்பாடு வரும்."

"அது எப்டி இருக்குமோ."

"ஆமை பார்க்கலாம்."

"உங்களைத் தினம் பார்த்துகினுதானே இருக்கேன்."

"துணைக்கு லீலாவைக் கூட்டினு போ."

"அவ வரமாட்டா."

"நான் போய்ப் பேசறேன்." போய்ப் பேசினேன். லீலா அரை நாள் கெஞ்ச வைத்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரருக்கும் சேர்த்து நானே சமைப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

திரும்பி வந்தால் தெய்வநாயகிக்கு இன்னும் மனசு வரவில்லை.

"மாடியில செடிங்களுக்குத் தண்ணி?"

"நான் ஊத்தறேன்."

"உங்க அக்கா வந்து தங்கறேன்னாங்களே?"

"நான் பார்த்துக்கறேன்."

"எதுக்குங்க இந்த வயசுல." சொல்லிவிட்டு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

வாங்க வந்தவர் எழுந்து வாசலைப் பார்த்தால் என் ரத்தம் கொதித்துவிடும். வேலையை விட்டாலும் ரத்தம் விடுமா? "உட்காருங்கம்மா" என்று சொந்த மனைவியிடம் சொன்னேன். "அரக்கு கலர்ல பெரிய ஜரிகை போட்ட பட்டு ஒண்ணு கடையில வந்திருக்கு. அதையும் எடுத்துத் தரேன்."

உட்கார்ந்தாள். "நீங்க இவ்ளோ சொல்றதால போறேன்."

என் வாழ்நாளிலேயே பெரிய விற்பனை அதுதான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மீனம்பாக்கம் வரை போய் இரண்டு பேரையும் ஏற்றிவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்து, காலையில் மூன்று பேருக்கு உப்புமா கிளறிக்கொண்டிருந்தேன். வீடியோ போன் வந்தது. அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம். கப்பலா அது, சந்தை. ஒருத்தர் பாடுகிறார். ஒருத்தர் மேஜையில் தாளம் போடுகிறார். நடுவில் லீலா விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

"தெய்வா, இன்னாது இது? அங்க பேசக் கூடாதே?"

"யாருங்க சொன்னது?"

"நீதான். வெற்றி அனுப்பின சட்டம்னு படிச்சியே."

"அவன் அனுப்பினது ரெண்டே வரி. விதை எடுத்துகினு வராதீங்க, பிராணிங்க கிட்ட போவாதீங்க. மீதியை நான் சேர்த்துக்கினேன்."

"இப்டிக் கூட புளுகுவாங்களா?"

"இத்தினி வருஷம் உங்க கூட குடித்தனம் பண்ணி, இது கூட கத்துக்கலன்னா எப்டிங்க?"

உப்புமா அடிப்பிடித்தது. "உனக்குப் போவணும்னு ஆசை இருந்தா மொத நாளே வரேன்னு சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்களும் வந்திருப்பீங்களே."

நான் வாணலியை இறக்கி வைப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "இங்க தினம் ஒருத்தர் கதை சொல்லணும். இன்னிக்கு என் முறை. மலேசியாத் தமிழர் ஒருத்தர் நான் சொல்றதை இங்கிலீஷ்ல மாத்தி சொல்றார். வாய் ஓயாத மனுஷனை எப்டி வாயை மூட வெச்சேன்னு சொன்னேன். யாரும் நம்பல. புளுகுன்னுட்டாங்க. அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

போனைத் திருப்பினாள். கப்பலே எட்டிப் பார்த்தது. ஆமையைக் கூட அவ்வளவு ஆசையாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

என் தரப்பு நியாயத்தை உலகத்துக்குச் சொல்ல வாயைத் திறந்தேன்.

தெய்வநாயகி ஒரு விரலை உயர்த்தினாள்.

மூடிக்கொண்டேன். கப்பல் முழுக்கக் கைதட்டல்.

வருகிற வெள்ளிக்கிழமை வந்து இறங்குகிறாள். இந்தக் கதையை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது நான் என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். அவள் ஊர் திரும்பி அந்த விரலை இறக்குகிற வரைக்கும் வாயைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை.