பயில்வான் எலி பிடித்த கதை

“எந்தக் கையில அடி?”

“ரெண்டு கையிலயும், மேடம்.”

ஒரு கை என்றால் மறு கையால் எலியைப் பிடி என்பார்களே என்று, பயில்வான் முந்திக்கொண்டு சொன்ன பொய்.

பயில்வான் என்பது கால்நடை மருத்துவக் கல்லூரியில் அவனுக்கு வைத்த பெயர். கன்று குறுக்கே கிடந்து திணறிய மாட்டுக்குள் தோள்வரை கையை விட்டு, கன்றை இழுத்து வெளியே போட்டவன். குதிரை உதைத்தால், “செல்லமா ஒண்ணு வெச்சுட்டான்” என்று மண்ணைத் தட்டிக்கொண்டு எழுபவன். அப்பேர்ப்பட்டவனுக்கு எலி என்றால் மட்டும் குலை நடுங்கும்.

கூடப் படித்த தோழியோடு வந்திருந்ததோ மருத்துவ ஆராய்ச்சிப் பயிற்சிக்கு. எலியைக் கையில் எடுத்துக் காட்டினால்தான் இடம். போன வருஷம் பெயர் தெரியாத ஒரு காய்ச்சலில் அவன் கண்ணெதிரே ஒரு தொழுவமே காலியானது; பால் கறந்தவரும் படுத்துவிட்டார். “ஏன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்” என்று வீட்டில் அக்காவிடம் சொன்னான். அக்கா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இனி திரும்பிப் போகவும் வழியில்லை.

பயிற்சியை நடத்தும் பேராசிரியை கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று மைக்கில் பேசினார். “தம்பிக்குக் கட்டுப் போட்டு விடுங்கம்மா.”

ஆய்வுக்கூட உதவியாளர் அக்கா துணிச்சுருளோடு வந்தார்.

“தொட்டா வலிக்குதா?”

“ஆ!”

“நான் இன்னும் தொடவே இல்லையே, தம்பி.”

இரண்டு கையும் விரல் நுனியிலிருந்து முழங்கைவரை கட்டாகிவிட்டது. தப்பித்தோம் என்று அவன் மூச்சு விடுவதற்குள் மைக் மறுபடி பேசியது.

“பரவாயில்ல. உங்க தோழி பிடிக்கட்டும். நீங்க முகத்தைக் கிட்ட கொண்டுபோய் எலியோட பல்லைப் பாருங்க.”

“மேடம்... கண்ணுல தூசி விழுந்துருச்சு.”

உதவியாளர் அக்கா சொட்டு மருந்தை ஊற்றினார். உலகமே மங்கிப்போனது. இப்போது எலி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத எலி அவன் மனசில் பன்றி அளவுக்கு வளர்ந்தது.

“டேய், அசையாதே!” தோழி கத்தினாள்.

“ஏன்?”

“என் கையிலேர்ந்து நழுவிருச்சு.”

“எங்க போச்சு?”

“மேஜை மேல ஓடி... உன்மேலதான் வருது.”

வெறுங்கையாக இருந்தால் சறுக்கியிருக்கும். கட்டுத் துணி எலிக்கு ஏணியாகிவிட்டது. விறுவிறுவென்று ஏறித் தோளில் உட்கார்ந்தது. பயில்வான் போட்ட அலறலில் பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் கதவுவரை ஓடி வந்தார்கள். “கதவைத் திறக்காதீங்க!” என்று தோழி போட்ட அலறலில் வந்த வழியே ஓடினார்கள்.

தட்டிவிடக் கை இல்லை. பார்க்கக் கண் இல்லை. மரம் மாதிரி நின்றான். அப்போதுதான் கழுத்தோரம் ஏதோ படபடவென்று அடிப்பது தெரிந்தது. எலியின் நெஞ்சு. அவனுடையதைவிட வேகம்.

‘அட, இதுவும் பயந்துதான் கிடக்கு!’

மிரண்ட மாட்டிடம் பேசும் குரல் தானாக வந்தது. “ஒண்ணும் இல்லடா... நான் இருக்கேன்ல... ஒண்ணும் இல்ல...”

படபடப்பு மெல்ல அடங்கியது. யாருடையது முதலில் அடங்கியது என்று சொல்வது கஷ்டம். பார்வை தெளிந்ததும், பல்லால் கட்டை இழுத்து அவிழ்த்து, உள்ளங்கையைக் குழித்துத் தோளருகே நீட்டினான். எலி இறங்கி வந்து அதில் உட்கார்ந்து, சாவகாசமாக முகம் கழுவியது. பயில்வானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூ மாதிரி கூண்டில் இறக்கிவிட்டான்.

பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பினான். “மேடம், கையில அடியும் இல்ல, கண்ணுல தூசியும் இல்ல. எனக்கு எலின்னா பயம். பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுடுங்க.”

போச்சு, வீட்டில் அக்கா முகத்தில் எப்படி முழிப்பது என்று நினைத்தான்.

“நாளைக்கே வந்து சேர்ந்துடுங்க,” என்றது மைக். “ரெண்டு பேரும்.”

தோழி துள்ளிக் குதித்தாள். பயில்வானுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உதவியாளர் அக்காவிடம் கிசுகிசுத்தான். “பயந்தாங்கொள்ளின்னு ஒத்துக்கிட்ட பிறகும் எடுத்துக்கிட்டாங்களே, எப்படிக்கா?”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“மேடம் இந்த ரூமுக்குள்ள காலை வெச்சதே இல்ல, தம்பி. எலியைப் பிடிக்க ஆள் வேணுமேன்னுதான் இந்தப் பயிற்சியையே ஆரம்பிச்சாங்க!”